வீட்டு முற்றம் எப்போதும் சுத்தமாக இருக்க: நீரோட்டம் முதல் சருகு வரை

விருந்தினர் வருவதாகச் செய்தி வந்தால்தான் எங்கள் வீட்டில் முற்றம் நினைவுக்கு வரும். விடிந்ததும் அரிவாளும் மண்வெட்டியுமாக இறங்கி, பொழுது சாய்வதற்குள் மொட்டை அடித்ததுபோல் வழித்துவிடுவோம். அப்புறம் மூன்று நாள் இடுப்பு வலி. நான்காவது வாரம் போய்ப் பார்த்தால் பழைய காடு, முன்பைவிட அடர்த்தியாக நிற்கும்.

இப்படிச் சில ஆண்டுகள் போன பிறகுதான் புரிந்தது. வழித்துவிட்ட மண் வெறும் மண். வெறும் மண் களைக்கு விரித்த பாய். அன்றைக்கு நாங்கள் செய்ததெல்லாம் அடுத்த காட்டுக்கு உழுது கொடுத்த வேலை.

ஆகவே இங்கே வேலைகளை வேறு வரிசையில் சொல்கிறேன். தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து, ஒரு சாண் மண்கூட வெறுமையாகக் கிடக்காமல் ஏதாவது ஒன்றால் மூடுங்கள். பூச்செடி, கல் பெஞ்சு, விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு. முதல் சில மாதங்கள் வேலை அதிகம்தான். அதன்பின் தினமும் கால் மணி நேரம் போதும்.

குடையோடு ஒரு சுற்று

முதல் நாள் கருவி எதுவும் வேண்டாம். குடை, காகிதம், பென்சில் போதும். நல்ல மழை பெய்யும்போது, அல்லது நின்ற அரை மணிக்குள், வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். இடி மின்னல் இருந்தால் வேண்டாம். காகிதத்தில் வீட்டை ஒரு கட்டமாகப் போட்டுக்கொண்டு, கூரைத் தண்ணீர் எங்கே கொட்டுகிறது, தரையில் எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே குட்டையாக நிற்கிறது என்று அம்புக்குறி போட்டுக் குறியுங்கள். மறுநாள் காலையில் போய், அப்போதும் வற்றாத குட்டைகளை மட்டும் வட்டமிடுங்கள். அந்த வட்டங்கள்தான் உங்கள் முதல் வேலைப்பட்டியல்.

வெயில் நாளில் அதே காகிதத்தோடு இன்னொரு சுற்று. இந்த முறை மூன்றைப் பாருங்கள். எங்கெல்லாம் மண் வெறுமையாகக் கிடக்கிறது? மாதக்கணக்கில் நீங்கள் எட்டிப் பார்க்காத மூலை எது? வீட்டில் இருப்பவர்கள் உண்மையில் எந்த வழியாக நடக்கிறார்கள்? கடைசிக் கேள்வியை அலட்சியப்படுத்த வேண்டாம். வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய்க்குப் புல் தேய்ந்து ஒரு ஒற்றையடித் தடம் விழுந்திருக்கும். நடைபாதை அங்கேதான் வர வேண்டும். வளைத்து நெளித்து அழகாக வேறிடத்தில் போட்டால் எல்லோரும் பழைய தடத்திலேயே நடப்பார்கள். பராமரிக்க இரண்டு பாதைகள் ஆகிவிடும்.

கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுங்கள்

எட்டிப் பார்க்காத அந்த மூலையில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். உடைந்த தொட்டி, மீந்த செங்கல், காலில்லாத நாற்காலி, "எதற்காவது ஆகும்" என்று சாத்தி வைத்த பலகை. ஓராண்டாக எதற்கும் ஆகாதது இனியும் ஆகப்போவதில்லை. உண்மையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியவற்றைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தாங்கு வைத்து, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். மரம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் கறையானுக்கு அது படிக்கட்டு.

குவியலைக் கலைக்கும்போது கையை நேராக உள்ளே விடாதீர்கள். நீளமான கம்பால் தட்டி, சற்றுக் காத்திருந்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். பாம்பும் தேளும் விரும்புவது இப்படிப்பட்ட இருட்டான, குளிர்ச்சியான சந்துகளைத்தான். கணுக்காலுக்கு மேல் வரும் செருப்போ பூட்ஸோ, கனமான கையுறையோ இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுங்கள்.

தண்ணீருக்கு வழி

ஈரம் ஏறி உப்புப் பூத்த சுவர், பாசி பிடித்த நடை, கொசு, அழுகிய செடி. முற்றத்தில் நாம் தனித்தனியாகச் சண்டை போடும் பல தொல்லைகளுக்கு வேர் ஒன்றுதான்: தண்ணீர் போக வழியில்லை.

கணக்கு எளியது. வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி முதல் 10 அடிக்குள் தரை குறைந்தது அரை அடியாவது இறங்க வேண்டும். இதை அளக்கச் சுவரோரம் ஒரு முளை, 10 அடி தள்ளி ஒரு முளை அடித்து, இடையில் நூல் கட்டுங்கள். ரசமட்டத்தை வைத்து நூலைக் கிடைமட்டமாக்கிவிட்டு, இரண்டு முனையிலும் நூலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். போதாவிட்டால் சுவரோரம் மண் போட்டு இடித்து உயர்த்துங்கள். இங்கே மணல் போடக்கூடாது, தண்ணீர் நேரே அடித்தளத்துக்கு இறங்கும். களிமண் கலந்த மண்தான் நல்லது. வீட்டின் தரைமட்டத்துக்குக் கீழே குறைந்தது 15 செ.மீ. சுவர் வெளியே தெரியும்படி நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மண்ணை ஏற்றினால் ஈரம் சுவருக்குள் போகும், கறையான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும்.

கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டினால், மேலே சொன்ன சரிவு இருந்தும் பயனில்லை. ஒரு முழங்கை மூட்டும் ஆறு அடிக் குழாயும் போட்டு வெளியே தள்ளுங்கள். கொட்டும் இடத்தில் நாலு தட்டைக் கல்லைப் போட்டால் மண் அரிக்காது.

நடுமுற்றத்தில் நிற்கும் குட்டைக்கு வேறு மருந்து. ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, ஒருமுறை வற்றவிட்டு, மறுபடி நிரப்பி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் மண்ணில் குறையில்லை, பள்ளத்தை மேடாக்கினால் போதும். அதற்கும் குறைவென்றால் மண் இறுகியிருக்கிறது, அல்லது களிமண். அங்கே ஆழமில்லாத அகன்ற வாய்க்கால் ஒன்றை எடுத்து, தண்ணீரை மனைக்குள்ளேயே தாழ்வான ஒரு பகுதிக்குக் கொண்டுபோங்கள். அந்தத் தாழ்வில் ஈரம் தாங்கும் செடிகளை வைத்தால் அதுவே அழகான இடமாகிவிடும். ஒன்று மட்டும் வேண்டாம்: உங்கள் தண்ணீரைப் பக்கத்து மனைக்குத் திருப்பிவிடுவது. சண்டை வந்தால் எந்த ரசமட்டமும் உதவாது.

கொசு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக வளர ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே தொட்டித் தட்டு, வாளி, பறவைக்கு வைத்த கிண்ணம் எல்லாவற்றையும் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

கோடு போடுங்கள்

செலவு குறைவு, பலன் அதிகம் என்று ஒரே ஒரு வேலையைச் சொல்லச் சொன்னால், ஓரங்களை நறுக்கென்று வெட்டுவதைச் சொல்வேன். புல் எங்கே முடிகிறது, பாத்தி எங்கே தொடங்குகிறது, நடை எங்கே ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால், உள்ளே செடி கொஞ்சம் கலைந்து கிடந்தாலும் முற்றம் ஒழுங்காகத் தெரியும். ஓரம் மங்கலாக இருந்தால் எவ்வளவு பெருக்கினாலும் கலைந்த தலைபோல இருக்கும்.

நேர்கோட்டுக்கு இரண்டு முளை அடித்து நூல் பிடியுங்கள். வளைவுக்கு ரப்பர் குழாயை வெயிலில் போட்டு இளக்கித் தரையில் கிடத்தி, மாடி ஜன்னலிலிருந்தோ தூரத்திலிருந்தோ பார்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு கூரான மண்வெட்டியால் கோட்டின் மேலே செங்குத்தாக நான்கு அங்குல ஆழத்துக்கு வெட்டி, பாத்திப் பக்கத்து மண்ணைச் சரிவாக வழித்துவிடுங்கள். இந்தச் சின்னப் பள்ளமே புல்வேர் பாத்திக்குள் தாவாமல் தடுக்கும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் செங்கல் பதித்துவிடுங்கள். ஆனால் கல்லின் மேல்மட்டம் புல்தரையோடு சமமாக இருக்கட்டும். துருத்திக்கொண்டிருந்தால் புல்வெட்டும் எந்திரத்தின் கத்தி அதில் மோதும், இருட்டில் உங்கள் கால்விரலும் மோதும்.

நடைபாதை ஒருவர் நடக்க 3 அடி, இருவர் சேர்ந்து நடக்க 4 அடிக்கு மேல். செடிகள் வளர்ந்து இரண்டு பக்கமும் அரை அடி தின்றுவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

களை

களையைப் பற்றிப் பேசும் முன் ஒரு பழைய சோதனை. 1879இல் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 20 புட்டிகளில் களை விதைகளை மணலோடு கலந்து நிரப்பி மண்ணில் புதைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் குறித்த இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டி முளைக்கவைத்துப் பார்க்கிறார்கள். 2021இல் எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. புதைத்து 140 ஆண்டுகளுக்கு மேல்! உங்கள் முற்றத்து மண்ணும் அப்படி ஒரு புட்டிதான். ஒவ்வொரு முறை ஆழமாகக் கொத்தும்போதும் கீழே உறங்கும் விதைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து எழுப்புகிறீர்கள்.

ஆகவே முதல் விதி: தேவையில்லாமல் மண்ணைப் புரட்டாதீர்கள். களைக்கொத்தால் மேல் ஒரு அங்குலத்தை மட்டும் சீவுங்கள். இரண்டாவது விதி: பூ வைத்த களையை நாளைக்கு என்று விடாதீர்கள். வேறு எந்த வேலை தள்ளிப்போனாலும் பரவாயில்லை. நேரமே இல்லையென்றால் பூந்தலையை மட்டுமாவது கிள்ளிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் எதிராளியை அடையாளம் காண வேண்டும். விதையில் முளைத்து ஒரு பருவத்தில் மடியும் களைகள் பரவாயில்லை ரகம். காய்ந்த வெயில் நாள் காலையில் சீவிப் போட்டால் மதியத்துக்குள் வாடிவிடும். ஈரமண்ணில் சீவினால் கிடந்த இடத்திலேயே மறுபடி வேர் பிடிக்கும். ஆனால் கையால் பிடுங்குவதற்கு ஈரமண்தான் நல்லது, வேர் முழுதாக வரும். சீவ வெயில், பிடுங்க மழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோரை வேறு வகை எதிரி. மேலே பிடுங்கினால் கையில் வருவது இலை மட்டும். கீழே கிழங்குகள் சங்கிலிபோல ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டிருக்கும். சங்கிலியை அறுத்தால் அதுவரை உறங்கிய கிழங்குகளும் முளைக்கும். ஒரே நாளில் ஒழிக்க முயன்றவர்கள் எல்லோரும் தோற்றிருக்கிறார்கள், நானும்தான். செய்யக்கூடியது இது: முளைத்துவரும் இலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வெட்டிக்கொண்டே வாருங்கள். புதிய கிழங்கு வைக்க அவகாசம் கிடைக்காமல், இருக்கும் கிழங்கில் சேமித்ததும் தீரும். கோரை நிழலைத் தாங்காது. அங்கே நெருக்கமாகப் படரும் நிழற்செடியை வைத்தால் வேலை பாதியாகும். ஒரு பருவத்தில் முடியாது. இரண்டாவது ஆண்டில் வித்தியாசம் தெரியும்.

அருகம்புல் தரைக்கு மேலும் ஓடும், கீழும் ஓடும். பாத்திக்குள் வந்துவிட்டால் மண்வெட்டியால் துண்டு துண்டாக வெட்டாதீர்கள். ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச்செடி. மண்ணை முள்கரண்டிபோன்ற கருவியால் நெம்பித் தளர்த்தி, ஓட்டத்தை நூல் இழுப்பதுபோல முழுதாக இழுக்க வேண்டும். பார்த்தீனியம் இருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம், தோல் ஒவ்வாமை வரும். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, பூக்கும் முன்பே வேரோடு எடுத்துவிடுங்கள்.

பெரிய பரப்பு முழுக்கக் களை என்றால் இரண்டு வழிகள். கடும் வெயில் காலமாக இருந்தால் தரையைச் சமன்செய்து நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கமாக விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரம் விட்டுவிடுங்கள். மேல்மண் சூடேறிப் பெரும்பாலான விதைகளும் சில நோய்க்கிருமிகளும் செத்துவிடும். கறுப்புத் தாள் இதற்கு உதவாது, வெயில் மண்ணுக்குள் இறங்காமல் தாளோடு நின்றுவிடும். கோரைக்கிழங்கை இந்த முறையும் முழுதாகக் கொல்வதில்லை. இரண்டாவது வழி அட்டை. களையைத் தரையோடு வெட்டி, ஒட்டுநாடாவை உரித்த அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி பரப்பி, நனைத்து, மேலே நான்கு அங்குலம் சருகோ மரத்தூளோ போடுங்கள். வெளிச்சமில்லாமல் களை மடியும், அட்டை சில மாதங்களில் மக்கிவிடும்.

உப்பைக் கொட்டுவது வேண்டவே வேண்டாம். களை சாகும், மண்ணும் சாகும்.

சரளைக் கல்லுக்குக் கீழே களைத்தடுப்புத் துணி விரிப்பது பற்றி எல்லோரும் கேட்பார்கள். நான் விரித்தேன். முதல் ஆண்டு பிரமாதம். இரண்டாம் ஆண்டு காற்றில் வந்த தூசியும் சருகும் கல்லிடுக்கில் மண்ணாகித் துணிக்கு மேலேயே களை முளைத்தது. மூன்றாம் ஆண்டு அந்த வேர்கள் துணி இழைகளுக்குள் பின்னிக்கொண்டன. களையை இழுத்தால் துணி கிழிந்தது, துணியை இழுத்தால் கல் கொட்டியது. அதைப் பிரித்து எடுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நடைபாதைக் கல் மண்ணுக்குள் அமிழாமல் இருக்கத் துணி போடலாம், அதற்கு அது ஏற்றது. செடிகள் உள்ள பாத்தியில் வேண்டாம்.

மூடாக்கு

பாத்தியில் செடிகளுக்கு இடையே தெரியும் மண்ணை மூடும் சருகு, மரச்சீவல், வைக்கோல், காய்ந்த புல் எல்லாமே மூடாக்குதான். 5 முதல் 8 செ.மீ. கனம் போதும். அதற்குக் குறைந்தால் களை துளைத்துக்கொண்டு வரும். மிக அதிகமானால் லேசான மழை மண்ணைத் தொடாமலே போகும். பச்சைப் புல்லை அள்ளிக் கனமாகப் போட்டால் கட்டிபிடித்து நாறும், ஒரு நாள் காயவைத்துப் போடுங்கள். மரச்சீவல் தழைச்சத்தைத் தின்றுவிடும் என்று ஒரு பயம் உண்டு. மண்ணோடு கலந்தால்தான் அந்தத் தொல்லை. மேலே பரப்பினால் பிரச்சினையில்லை.

மரத்தடியில் மட்டும் கவனம். தண்டைச் சுற்றி மலைபோலக் குவிப்பது பார்வைக்கு நன்றாக இருக்கும். அப்படி அன்பாகக் குவித்து ஒரு இளமரத்தை நானே கொன்றிருக்கிறேன். எப்போதும் ஈரமாக இருந்த பட்டை அழுகி, விலக்கிப் பார்த்தபோது அடிமரம் பஞ்சுபோல இருந்தது. தண்டிலிருந்து நான்கு விரற்கடையாவது விட்டு, வளையமாகப் போடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளியே நிறுத்துங்கள்.

புல்தரை வேண்டுமா?

முற்றத்தில் அதிக வேலை வாங்குவது புல்தரைதான். உட்கார, விளையாட இடம் வேண்டும் என்றால் வையுங்கள். வெறும் பார்வைக்கு என்றால் படரும் தரைச்செடியோ சரளையோ போதும். புல்தரை ஒரு காலத்தில் ஆட்களை வைத்து அரிவாளால் சீர்செய்யக்கூடியவர்களுக்கே வாய்த்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வின் பட்டிங் துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் பிசிறைச் சீவும் உருளை எந்திரத்தைப் பார்த்து, அதையே புல்லுக்குப் பொருத்தி 1830இல் காப்புரிமை வாங்கினார். நாம் தள்ளும் எந்திரத்தின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

வெட்டும் விதி ஒன்று: இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது. 9 செ.மீ. வளர்ந்திருந்தால் 6 செ.மீ.க்கு இறக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஒட்ட வெட்டினால் அடிக்கடி வெட்ட வேண்டாமே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. புல் வேரைச் சுருக்கிக்கொள்ளும், வெயிலில் கருகும், வெறுமையான திட்டுகளில் களை குடியேறும். வெட்டிய மறுநாள் இலைநுனி வெளுத்துக் கிழிந்ததுபோல் தெரிந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது. வெட்டிய துண்டுகள் சிறிதாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள், மக்கி உரமாகும். தொடங்கும் முன் கல், கம்பி, குச்சி எல்லாம் பொறுக்கிவிடுங்கள். எந்திரம் அவற்றைக் குண்டுபோல வீசும். பாதுகாப்புக் கண்ணாடியும் மூடிய காலணியும் கட்டாயம், குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் தினம் கொஞ்சம் தெளிப்பதைவிட, வாரம் ஓரிரு முறை நன்றாக நனைப்பது மேல். வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். பல புல்தரைகளுக்கு மழை இல்லாத வாரத்தில் மொத்தம் 25 மி.மீ. அளவு தேவைப்படும். தெளிப்பான் ஓடும்போது தட்டையான காலி டப்பா ஒன்றைத் தரையில் வைத்தால் எவ்வளவு விழுந்தது என்று அளந்துவிடலாம். விடியற்காலைதான் சரியான நேரம்.

கவாத்து

செடிகளை வெட்டுவதில் பலர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் பந்துபோல உருட்டுவது. மேற்பரப்பு அடைத்துக்கொண்டு உள்ளே காற்றும் வெளிச்சமும் போகாது, வெறும் குச்சியாகும். முதலில் காய்ந்தது, நோய் கண்டது, ஒன்றோடொன்று உரசுவது என்று மூன்றை எடுங்கள். இதற்குப் பருவம் பார்க்க வேண்டியதில்லை. அதன் பிறகு எட்டி நின்று பாருங்கள். பெரும்பாலும் அதோடு போதும் என்று தோன்றும். பூக்கும் செடிகளைப் பூத்து முடிந்த உடனே வெட்டுங்கள். அடுத்த மொட்டு வந்தபின் வெட்டினால் அந்தப் பருவத்துப் பூ போச்சு. வேலியை மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் வெட்டினால் அடியிலும் இலை தங்கும். சுவரோரச் செடிகளுக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும்.

கையளவு தடித்த கிளையை ஒரே வெட்டில் எடுக்கக்கூடாது, முறியும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டு போடுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் சற்று வெளியே மேலிருந்து முழுதாக, கனம் இறங்கிவிடும். கடைசியாக மீந்த கட்டையை, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் காப்புப்போலப் புடைத்திருக்கும் வளையத்தை ஒட்டி, அந்த வளையம் காயப்படாமல் வெட்டுங்கள். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை எப்படி உள்ளுக்குள் அடைத்துப் பிரித்து வைக்கிறது என்று விளக்கினார். அந்த வளையத்தின் முக்கியத்துவம் அப்படித்தான் பரவலாகத் தெரிந்தது. வெட்டிய இடத்தில் பெயிண்ட், தார் எதுவும் பூச வேண்டியதில்லை.

ஏணியில் ஏறி ரம்பம் பிடிக்க வேண்டிய உயரமோ, மின்கம்பிக்கு அருகிலோ என்றால் ஆள் வைத்துச் செய்யுங்கள். அங்கே சிக்கனம் பார்க்கக்கூடாது.

கல்தரையும் பாசியும்

பாசி பிடித்த கல்லைக் காய்ந்த நாளில் விறைப்பான தூரிகையால் தேய்த்துவிட்டு, மேலே கவிந்த கிளையைக் கழித்து வெயில் விழச்செய்யுங்கள். வெயில் படாத இடத்தில் எத்தனை முறை தேய்த்தாலும் திரும்பவரும். ஆசிட் சிமெண்டை அரிக்கும். பிளீச்சிங் போட்டால் அதோடு ஆசிட் எதையும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும். கல்லிடுக்கில் களை வருகிறதென்றால் மணல் குறைந்திருக்கிறது. காய்ந்த மணலைக் கொட்டிப் பெருக்கி இடுக்குகளை நிரப்புங்கள்.

சருகைக் கொளுத்தாதீர்கள்

பெருக்கிய சருகைக் கொளுத்தினால் புகை உங்களுக்கும் அண்டை வீட்டுக்கும், சாம்பல் மண்ணுக்கு, நட்டம் எல்லோருக்கும். அடுத்த ஆண்டுக்கான மூடாக்கும் உரமும் அதில்தான் எரிந்துபோகிறது.

ஒரு மூலையில் மூன்றடி நீளம், அகலம், உயரம் கொண்ட கூண்டு கட்டுங்கள். அதைவிடச் சிறிதானால் சூடு தங்காது. காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு, பச்சைத் தழையும் காய்கறிக் கழிவும் ஒரு பங்கு என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஈரம் எவ்வளவு என்றால், பிழிந்த துணியைப்போல. சரியாக அமைந்தால் ஓரிரு வாரத்தில் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும், கையை விட்டால் சுடும். நாறினால் ஈரமோ பச்சையோ அதிகம், சருகைச் சேர்த்துப் புரட்டுங்கள். எதுவும் நடக்காமல் கிடந்தால் தண்ணீரும் பச்சையும் சேருங்கள். விதை வைத்த களை, கோரைக்கிழங்கு, நோயுற்ற இலை இதற்குள் வர வேண்டாம். கிளறச் சோம்பலா? கிளறாமல் விட்டாலும் மக்கும், ஓராண்டு பிடிக்கும். என் கூண்டுகளில் ஒன்று எப்போதும் சோம்பல் கூண்டுதான்.

கருவிகள்

களைக்கொத்து, கூரான மண்வெட்டி, கவாத்துக் கத்தரி, சருகு வாரும் ரேக், விளக்குமாறு, இரண்டு வாளி. இதற்கு மேல் வாங்கியவை பெரும்பாலும் மூலையில் கிடக்கும் பொருள் ஆகிவிடும். வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு. மாதம் ஒருமுறை அரத்தால் கூர்தீட்டுங்கள். மழுங்கிய மண்வெட்டியோடு போராடும் வலியைத்தான் பலர் தோட்டவேலையின் வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நோய் கண்ட செடியை வெட்டிய கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த செடிக்குப் போங்கள்.

கால் மணி நேரம்

எல்லாம் அமைந்தபின் நாளும் செய்வது இவ்வளவுதான். காலையில் ஒரு வாளியோடு ஒரு சுற்று. கண்ணில் பட்ட களை, விழுந்த குச்சி, வாடிய பூ எல்லாம் வாளிக்குள். ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்தை மட்டும் சற்றுக் கூர்ந்து பாருங்கள். திங்கள் வாசல் பக்கம், செவ்வாய் இடப்பக்கச் சந்து என்று வைத்துக்கொண்டால் எந்த மூலையும் ஒரு வாரத்துக்கு மேல் பார்க்கப்படாமல் கிடக்காது. வாரத்தில் ஒரு நாள் தேங்கிய தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவும் வேலை. புல் வளரும் காலத்தில் அதே நாளில் வெட்டும் வேலையும். மாதம் ஒருமுறை கத்தி, கூரை நீர்க்குழாய். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஓரம். மழைக்காலத்துக்கு முன் வாய்க்கால் தூர், வெயில் காலத்துக்கு முன் மூடாக்கு.

வெளியூர் போய் மூன்று வாரம் விட்டுப்போனால் என்ன ஆகும்? திரும்பி வந்ததும் பூ வைத்த களை, தேங்கிய தண்ணீர், பாதையை மறிக்கும் கிளை, இந்த வரிசையில் போங்கள். மற்றது அடுத்த வாரம். அப்புறம், முதல் நாள் வரைந்த அந்தக் காகிதத்தைத் தூக்கிப்போடாதீர்கள். அடுத்த பெருமழையில் குடையோடு அதை எடுத்துப் போய், வட்டமிட்ட குட்டைகளில் எத்தனை இன்னும் நிற்கின்றன என்று பாருங்கள். என் காகிதத்தில் ஏழு வட்டங்கள் இருந்தன. இப்போது ஒன்றுதான் மிச்சம். குழாயடியில் இருக்கும் அந்தப் பள்ளத்தை இந்த மழைக்கு முன் நிரப்ப வேண்டும்.